இருமல் வரும் இடம்

பெட்போர்டில், வர்க்கி சுடும் பேக்கரிக்கு மேல்மாடி.
குன்னூர் ஈரத்தில் இசைத்தட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும்,
அடுப்புச் சூட்டில் வளையும்.
இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது.
வளைந்தால் கல் வைக்கலாம் என்றார் செவரின்.
வைத்திருக்கிறோம். அம்மிக்கல்லில் பாதி.

வெள்ளிக்கிழமை, ஏலம் முடிந்து மாதி வந்தால்தான் ஊசி இறங்கும்.
நாளுக்கு முந்நூறு கோப்பை உறிஞ்சித் துப்பும் நாக்கு அவளுடையது.
அதே நாக்கால் சாக்ஸபோனையும் சொல்வாள்:
"பனிக்காலக் கொழுந்து. கொஞ்சம் கருக விட்டிருக்கான்.
ஆனா உடம்பு இருக்கு."
செவரின், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர்,
டிரம்ஸைத் தவிர எதையும் கேட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்.
செல்வநாயகம் அட்டனில் பிறந்து
அகதியில்லை, தாயகம் திரும்பியவர் என்று
காகிதத்தில் எழுதப்பட்டு
கோத்தகிரித் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர்.
பையில் அன்று துணியோடு பதினொரு கேசட்.
நான் பேட்டரிக் கடை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

நால்வரிடமும் ஒரே பதிவு இருப்பது
இந்த ஐப்பசியில்தான் தெரிந்தது.
ஏதோ ஊரில், ஏதோ விடுதியில், ஒரே இரவு வாசித்தது.
செவரினிடம் தட்டு. மாதியிடம் சுத்தம் செய்து வெளியிட்ட சிடி.
செல்வநாயகத்திடம் வானொலியிலிருந்து பிடித்தது,
தொடக்கத்தில் பாதி அறிவிப்பாளர்.
என்னிடம் போனில் ஒரு கோப்பு, யார் அனுப்பினார் என்று நினைவில்லை.

சண்டை இருமலில் வந்தது.

பியானோ ஒதுங்கிக்கொள்ள
பேஸ் தனியாகப் பேச வாயெடுக்கும் இடம்.
கூட்டத்தில் யாரோ ஒருவன் இருமுகிறான்,
வறட்டு இருமல், இரண்டு முறை.
விரல் நிற்கிறது.
அரைத் தட்டு.
பிறகுதான் அந்த முதல் சுரம், கிணற்றில் வாளி தொடுவதுபோல.

"அவன் இருமி முடிக்கட்டும்னு காத்திருக்கான்யா," என்றார் செவரின்.
"மரியாதை தெரிஞ்சவன்."
மாதியின் சிடியில் இருமல் இல்லை.
துடைத்துவிட்டார்கள்.
தயக்கத்தைத் துடைக்கத் தெரியவில்லை, அது அப்படியே நிற்கிறது,
ஆள் இறங்கிப் போன பிறகும்
நின்றுகொண்டிருக்கும் பஸ் மாதிரி.

"அதுதான் எனக்குப் பிடிச்சது," என்றாள் மாதி.
"காரணம் தெரிஞ்சா அது மரியாதை.
தெரியலன்னா
அவனுக்கே தெரியாத ஏதோ ஒண்ணு."
செவரின் வர்க்கியைத் தேநீரில் தோய்த்தார், உடைந்து விழுந்தது.
கேசட்டில் அந்த இடத்தில் ஒரே இரைச்சல் என்று
செல்வநாயகம் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

சரி, தட்டையே போடு.

ஊசி இறங்கி, பியானோ ஒதுங்கி,
எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்த நொடியில்
கரண்ட் போனது.
மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் கியர் விழாத லாரிபோல்
இசை இறங்கி இறங்கி
முனகலாகி
அடங்கியது.
கீழே பேக்கரியில் யாரோ மெழுகுவத்தி கேட்டுக் கத்தினார்.
"பேட்டரிக் கடை வச்சிருக்கியே, வெட்கமா இல்ல?"
யாருடைய குரல் என்று சொல்ல மாட்டேன்.

அப்போது செல்வநாயகம் இருமினார்.
நடிப்பில்லை. பருவமே அவருக்கு ஆகாது.
இரண்டு முறை, வறட்டு இருமல்.

யாரும் சிரிக்கவில்லை.
இருட்டில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது
எனக்குக் கேட்டது. அல்லது
நான் பிடித்ததுதான் கேட்டதோ என்னவோ.
அடுப்புச் சூடு பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு மாதி, நாக்கின் நுனியில்,
அந்த முதல் சுரத்தை மெல்லச் சொன்னாள்.
கொஞ்சம் தாழ்வாக.
"சீக்கிரம் வந்துட்ட," என்றார் செவரின்.

அடுத்த வெள்ளிக்குப் பன்னிரண்டு வோல்ட் ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னேன்.
யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை.